படிக்காத நூலகர்

அந்தம்மா ஒரு புத்தகத்தையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்து நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் வேறு யாரும் இருப்பதாகவும் தெரியவில்லை. ஆனாலும் எங்கள் மாவட்டத்தில் அவரைப்போல ஒரு நூலகர் கிடையாது என்று எல்லாரும் சொன்னார்கள். என் காதுபடவே சொன்னார்கள். நானும் நூலகர்தான். நூலக அறிவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள். பள்ளிக்கூட நாளிலேயே படித்துப் படித்துக் கண்ணாடி போட்டுக்கொண்டவள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. என் வயிற்றெரிச்சல் எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவேண்டும் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன்.

சின்னமனூருக்குத் தெற்கே ஒரு பேரூரில் கிளை நூலகம் என் பொறுப்பில் இருந்தது. தேனியில் மாவட்ட மைய நூலகம். அதன் கீழே எங்களைப் போன்ற கிளை நூலகங்கள். அதற்கும் கீழே ஊர்ப்புற நூலகங்கள். ஊர்ப்புற நூலகம் என்றால் ஒரே ஆள்தான். கதவைத் திறப்பதும் கூட்டுவதும் பேப்பரை விரித்து வைப்பதும் முத்திரை குத்துவதும் கிழிந்ததை ஒட்டுவதும் அந்த ஒருவர்தான். கோம்பைக்குப் போகிற வழியில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில், அந்தம்மா அப்படி ஒரு ஆளாக இருந்தார். அவருடைய மாத அறிக்கை என் மேஜைக்கு வந்துதான் தேனிக்குப் போகும்.

அந்த நூலகம் இருந்த கட்டடம் முதலில் பஞ்சாயத்து ரேடியோவுக்காகக் கட்டியது. பிறகு அதில் டிவிப் பெட்டி வைத்தார்கள். வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் கொஞ்ச காலம் உரமூட்டை கிடந்தது. அதற்கப்புறம் ஊர்க்காரர்கள், வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, எங்கள் ஊரில் நூலகம் எங்கே என்று எழுதிக் கேட்டார்கள். ஒரு வேனில் புத்தகங்கள் வந்து இறங்கின. டிவிப் பெட்டியை வைத்துப் பூட்டுவதற்காகச் சுவரில் கட்டிய இரும்புக் கூண்டு அப்படியே இருந்தது. அந்தம்மா அதற்குள் அகராதிகளை அடுக்கி வைத்திருந்தார். யாரும் எடுக்கமாட்டார்கள், பத்திரமாக இருக்கட்டும் என்றார்.

முதல் தடவை நான் ஆய்வுக்குப் போனது ஒரு சாயங்காலம். குள்ளமான உருவம். கொண்டையில் ஒரு பென்சில். மேஜையின் ஒரு கால் ஆடும் என்பதால் இடது பாதத்தால் அதை மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கையில் ஊசியும் நூலும். பிரிந்துபோன புத்தகம் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போகிற ஒருவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முத்திரை குத்தி வரவு வைப்பார் என்று நான் பார்த்தேன். அந்தம்மா புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஊசியை நிறுத்தாமல் கேட்டார்.

"என்னதான் ஆச்சு அதுல?"

அவர் சொல்லத் தொடங்கினார். அண்ணன் தம்பி இரண்டு பேர், பாகப்பிரிவினை, ஒரு கிணறு. நான் படித்திருந்த நாவல்தான். அவர் சொன்னதில் பாதி அதில் கிடையாது. இருந்தாலும் சொல்லிக்கொண்டே போனார். அந்தம்மா கேட்டுக்கொண்டே தைத்தார். கடைசியில், "கெணறு யாரு பங்குக்குப் போச்சு?" என்றார்.

"அத எழுதலக்கா."

"அது எப்படி எழுதாம இருப்பாக? நீதான் சரியாப் பாத்திருக்க மாட்டப்பா."

"ஆசிரியர் வேணும்னேதான் அதச் சொல்லாம விட்டிருக்காரு" என்றேன் நான். "அதுதான் அந்த நாவலோட சிறப்பே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மருந்தடிக்கிறவர் எழுந்து, மடியிலிருந்த புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். இல்லாத பக்கத்தைத் தேடி ஒரு ஆள் ஒரு நாவலை இரண்டாம் முறை படிக்கப் போகிறார். என் நூலகத்தில் அதுவரை அப்படி நடந்ததில்லை.

அவர் போனதும் கேட்டேன். "நீங்க இதப் படிச்சதில்லையாம்மா?"

"இல்ல மேடம்."

"வேற என்னதான் படிச்சிருக்கீங்க?"

பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவிப் பதிவேட்டில் எதையோ குறித்துவிட்டுச் சொன்னார். "நான் படிச்சுட்டா அவுக எதுக்கு மேடம் வந்து சொல்லப் போறாக?"

திறமையான பதில் என்று அன்றைக்கு நினைக்கவில்லை. சோம்பலுக்கு ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன்.

ஆனால் போகப் போகத் தெரிந்தது. அந்த ஊரிலிருந்து விடிகாலையில் ஜீப்புகளில் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் இருந்தார்கள். சாயங்காலம் இறங்கினால் முகம் கைகால் கழுவிவிட்டு நேராக நூலகத்துக்கு வருவார்கள். மத்தியானம் தோட்டத்தில் சாப்பாட்டு வேளையில் ஒருத்தி உரக்கப் படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். இன்றைக்கு யார் அந்தம்மாவிடம் சொல்வது என்று ஜீப்பிலேயே சண்டை நடக்கும். எழுத்துக்கூட்டவே தெரியாத ஒருத்தி உறுப்பினர் அட்டை வைத்திருந்தாள். அவள்தான் எல்லாரையும்விட நன்றாகச் சொல்வாளாம். சொல்லிக்கொண்டே வந்து, சுவாரசியமான இடத்தில், "மதிக்கா, மிச்சம் நாளைக்கு" என்று எழுந்துவிடுவாள். போதும் என்பதை மலையாளத்தில் மதி என்று சொல்லிப் பழகிப்போனவள்.

கதையில் ஏதாவது கெட்டது நடந்தால் அந்தம்மாவின் கையில் ஊசி நின்றுவிடும். ஊசி நின்றால் கதை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதை நிறுத்திக் காட்டவேண்டும் என்றே சிலர் புத்தகத்தைத் தேடித் தேடி எடுத்தார்கள். அந்தம்மாவுக்குக் கதைகள் ஒன்றோடொன்று கலந்துபோகும். இந்தக் கதையின் தாசில்தாரை அந்தக் கதையின் மகளுக்குக் கட்டிவைத்து, "அவ அன்னைக்கே அவன நம்பியிருக்கக் கூடாது" என்பார். "அது வேற புத்தகம்க்கா" என்று பெஞ்சிலிருந்து நாலு குரல் வரும். ஒரு கதையில் மாமனார் ஒருவர் மருமகளுக்குச் செய்த கொடுமையைக் கேட்டு, அந்தப் புத்தகத்தின் முதுகைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார். நான் ஆய்வுக்குப் போனபோது பார்த்து, ஏன் இது மட்டும் இப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும் மேடம். அந்தாளு மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல."

நான் சிரிக்கவில்லை. அடுக்கு முறைப்படி அதைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தேனியில் நூலக வார விழா நடந்தது. மாவட்ட நூலக அதிகாரி அந்தம்மாவை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். ஓர் ஊர்ப்புற நூலகத்தில் இத்தனை புத்தகங்கள் வெளியே போய்த் திரும்பி வருகின்றன, கிளை நூலகங்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று பேசினார். நான் முன்வரிசையில் இருந்தேன். கை தட்டினேன். எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன். அந்தம்மா மேடையில் நெளிந்துகொண்டு நின்றார். மைக்கைக் கொடுத்தபோது, "படிக்கிறவுகளுக்குப் போத்துங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அதற்கும் கைதட்டல்.

மறுநாள் என் நூலகத்தில் நானும் முயன்று பார்த்தேன். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் ஒரு சரித்திர நாவலைத் திருப்பிக் கொடுத்தார். கதை எப்படி சார் என்றேன். அவர் சந்தோஷமாகத் தொடங்கினார். இளவரசன் தப்பித்துப்போகிற இடத்தில் ஆற்றின் பெயரை மாற்றிச் சொன்னார். நான் திருத்தினேன். பிறகு தளபதியின் பெயரைத் திருத்தினேன். அவர், "நீங்கதான் படிச்சிருக்கீங்களே மேடம்" என்று பேப்பர் பக்கம் போய்விட்டார். திருத்தாமல் இருக்க என்னால் முடியவில்லை. தப்பாக ஒரு பெயரைக் கேட்டால் காதில் எறும்பு போன மாதிரி இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் வேலை சம்பந்தப்பட்ட பொறாமை. இதோடு போயிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு அந்த ஊர் எல்லையில்தான் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல், பன்னீர் திராட்சை. அதிகம் பேசாத மனிதர். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் எங்கள் வீட்டில் பேச்சு என்றால் நான் பேசுவதுதான். என் நூலகத்துக்கு அவர் வருவது சாவி வாங்கவோ நான் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொடுக்கவோதான். வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

ஒருநாள் அவருடைய வண்டிப் பெட்டியில் காய்கறிப் பையை எடுக்கப் போனேன். பாலித்தீன் உறையில் சுற்றி ஒரு புத்தகம் இருந்தது. பிரித்தால் அந்த ஊர் நூலகத்தின் முத்திரை. பாதிக்கு மேல் படித்திருந்தார். அடையாளத்துக்குப் பூச்சிமருந்துப் பெட்டியின் அட்டைத் துண்டு ஒன்றைக் கிழித்து வைத்திருந்தார். முன்பு இருந்தபடியே சுற்றி வைத்துவிட்டு வந்தேன். அவராகச் சொல்வார் என்று பார்த்தேன். ஒரு வாரம் போனது. வண்டிப் பெட்டியில் வேறு புத்தகம் இருந்தது. அவர் சொல்லவில்லை.

சொன்னது என் நாத்தனார். அவளைக் கட்டிக்கொடுத்தது அந்த ஊரில்தான். வீட்டுக்கு வந்தவள் அடுப்படியில் நின்று குரலைத் தணித்தாள்.

"மதினி, சொல்றேன்னு தப்பா நெனைக்காதீக. அண்ணன் நாளு தவறாம அந்த லைப்ரரிலதான் உக்காந்திருக்காக. அங்கன இருக்கிறது பொம்பள. ஒரு வார்த்த கேட்டு வைங்க."

"லைப்ரரிதான" என்றேன்.

"நீங்களும் லைப்ரரிதான வச்சிருக்கீக. அதுக்கு எதுக்கு அங்கன போகணும்?"

அவள் ஏதோ நினைத்துச் சொன்னாள். அது போய்ப் பட்டது வேறு இடத்தில்.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். தெருவோடு போகாமல் பின்பக்கமாகப் போய்ச் சன்னலோரம் நின்றேன். உள்ளே ஒரு ஆண்குரல் ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய குரல் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

கப்பல் வேலைக்குப் போன மகன் திரும்பி வராத ஒரு குடும்பத்தின் கதை. நான் மூன்று தடவை படித்தது. அதில் அப்பா கடற்கரையில் சின்னக் கடை வைத்திருப்பார். என் வீட்டுக்காரர் அந்தக் கடையைத் தூக்கிவிட்டு ஒரு திராட்சைத் தோட்டத்தை வைத்திருந்தார். பழம் முற்றுகிற நேரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது, பழமெல்லாம் வெடிக்கிறது, அன்றைக்குப் பார்த்துக் கடிதம் வருகிறது.

"அந்தக் கடுதாசிய அவரு பிரிக்கல" என்றார் என் வீட்டுக்காரர். "பந்தலுக்குக் கீழ நின்னு, வெடிச்ச கொலையா ஒவ்வொண்ணா வெட்டிப் போட்டுக்கிட்டே இருக்காரு. பையில கடுதாசி இருக்கு. மழையில நனையுது."

"அப்புறம்?"

"எழுத்தெல்லாம் கரைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் யாராலயும் அதப் படிக்க முடியல."

எட்டிப் பார்த்தேன். அந்தம்மாவின் கையில் ஊசி நின்றிருந்தது. ஜீப்புப் பெண்கள் இரண்டு பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

புத்தகத்தில் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிடுவார்கள். எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், கதை முடிகிறவரை நான் அந்தச் சன்னலை விட்டு நகரவில்லை.

அவர்களுக்குள் வேறு ஏதாவது இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடத் தெரிந்திருக்கும். நாலு சொந்தக்காரர்களைக் கூட்டியிருப்பேன். இதற்கு யாரைக் கூட்டுவது? என் புருஷன் அங்கே போய்க் கதை சொல்கிறார் என்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். உள்ளே போகாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் பொறுத்துச் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது கேட்டேன். "எங்கிட்ட ஒரு நாளும் இப்படிக் கத சொன்னதில்லையே."

அவர் யார் சொன்னது என்று கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில், நான் வேலை பார்க்கிற இடத்தைத் தெரிந்துகொள்கிற மாதிரி, அவர் என் நூலகத்திலிருந்து ஒரு நாவல் எடுத்துவந்து படித்தார். ராத்திரிச் சாப்பாட்டின்போது கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நாலைந்து வரி சொல்லியிருப்பார். "அதா, கடைசில அவன் செத்துப்போவான்" என்றேன் நான். அவர் அப்படியா என்றார். மறுநாள் புத்தகத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டார். நான் வரவு வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷக் கடைசியில் அந்த ஊர் நூலகத்தைக் கிளை நூலகமாகத் தரம் உயர்த்த உத்தரவு வந்தது. வெளியூரில் வியாபாரம் செய்கிற உள்ளூர்க்காரர் ஒருவர் இடம் கொடுத்திருந்தார். புதுக் கட்டடம் எழுந்தது. கிளை நூலகம் என்றால் அதற்குரிய பட்டம் பெற்ற நூலகர் வேண்டும். ஆனால் ஊர்க்காரர்கள் அந்தம்மாவே இருக்கவேண்டும் என்று கையெழுத்து வாங்கி அனுப்பியிருந்தார்கள். அதிகாரி என்னைத் தேனிக்குக் கூப்பிட்டார்.

"அந்தம்மாவையே பொறுப்புல வச்சுக்கலாம்னு ஒரு யோசனை இருக்கு. நீங்கதான மேற்பார்வை. உங்க கருத்த எழுதிக் குடுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். "மேற்படி நூலகர் நேர்மையானவர். பதிவேடுகளை ஒழுங்காகப் பராமரிக்கிறார். எனினும் அவருக்கு வாசிப்புப் பழக்கம் இல்லை. நூல்களின் உள்ளடக்கம் அறியாததால் வாசகர்களுக்குப் பரிந்துரை செய்ய இயலாது." ஒரு பொய் கிடையாது. எழுதி முடித்து இரண்டு தடவை படித்தேன். ஒற்றுப்பிழைகூட இல்லை. பிறகு இன்னொரு தாள் வாங்கி, கணவரின் தோட்டம் அருகில் இருப்பதால் அந்தக் கிளைக்கு எனக்கு மாறுதல் வேண்டும் என்று ஒரு விண்ணப்பமும் எழுதிக் கொடுத்தேன்.

உத்தரவு வந்தது. அந்தம்மாவை வீரபாண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவர் வீட்டிலிருந்து இரண்டு பஸ். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. தோட்டத்துக்கும் பக்கம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா?" என்றார்.

"வீரபாண்டிப் பக்கம்."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

பொறுப்பு ஒப்படைக்கிற அன்று பதிவேட்டை நான் வாசிக்க வாசிக்க அந்தம்மா ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் காட்டினார். ஒன்றுகூடக் குறையவில்லை. ஏலத்தோட்டம்வரை போய்வந்த புத்தகங்களும் அட்டையில் மண்ணும் மழையும் பட்டிருந்தாலும், அங்கே இருந்தன. சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"நீங்க எழுதுனது சரிதான் மேடம். ஆபீஸ்ல சொன்னாக."

"அது ரூல்ஸ்படி..." என்று இழுத்தேன்.

"நான் கொற சொல்லல. எனக்குச் சின்னதுலருந்தே புத்தகத்துல கண்ணு நிக்காது. ரெண்டு பக்கம் போனா மனசு எங்கயோ போயிரும். ஆளு சொன்னா நிக்கும். மொகத்தப் பாத்துக்கிட்டே இருந்தா நிக்கும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "மருந்தடிக்கிற தம்பி நடுவுல ரொம்ப நேரம் பேசாம இருக்கும். முடிஞ்சிருச்சுன்னு நெனச்சிராதீக. அந்த மதிக்காரி பொய்தான் சொல்லுவா, கேட்டுக்கங்க. அப்புறம் தோட்டத்து அண்ணன்..."

என் முகத்தைப் பார்த்தார். அந்த அண்ணன் யாருடைய புருஷன் என்று தெரிந்துதான் பேசினார்.

"அண்ணன் ஒரு கதையப் பாதில வச்சிருக்காக. மிச்சத்த நீங்க கேட்டுக்கங்க மேடம்."

அதைக் கேட்டபோதாவது எனக்கு வெட்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. என் புருஷன் பாதியில் வைத்திருக்கிற கதையை எனக்குக் கொடுத்துவிட்டுப்போக இவர் யார் என்றுதான் தோன்றியது. அன்று ராத்திரியே வீட்டுக்காரரிடம் கேட்டேன், அது என்ன கதை என்று. மறந்துவிட்டது என்றார்.

புதுக் கட்டடத்தில் நான் உட்கார்ந்தேன். டைல்ஸ் போட்ட தரை, இரும்பு ரேக்குகள், கம்ப்யூட்டர், ஆடாத மேஜை. ஜீப்புப் பெண்கள் முதல் வாரம் வந்தார்கள். நான் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னேன். மதிக்காரி ஒரு கதையை ஆரம்பித்தாள். அதில் வராத ஒரு யானையைக் கொண்டுவந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்படியும் என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவள் நிறுத்திவிட்டாள்.

"சொல்லும்மா."

"இல்ல மேடம். அதான் உங்களுக்குத் தெரியும்போல இருக்கே."

அதற்குப் பிறகு புத்தகம் எடுப்பார்கள், கொடுப்பார்கள், போவார்கள். மருந்தடிக்கிறவர் பேப்பர் மட்டும் பார்த்தார். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்து இடத்தை நிரப்பினார்கள். அதிகாரி வந்து பார்த்து, பரவாயில்லையே, நன்றாக நடக்கிறதே என்றார். நன்றாகத்தான் நடந்தது. என் வீட்டுக்காரர் மத்தியானத்தில் வந்து சாவி வாங்கிக்கொண்டு போனார். வாசலில் நின்றே வாங்கினார்.

அந்த மாதத்திலிருந்து அவருக்கு ஒரு பக்தி வந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் வீரபாண்டி அம்மன் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். சித்திரைத் திருவிழாவுக்குக்கூட நான் இழுத்துக்கொண்டு போனால்தான் வருகிற மனிதர். நெற்றி நிறையத் திருநீறோடு இருட்டிய பிறகு வருவார். வண்டிப் பெட்டியில் வீரபாண்டிப் பக்கத்து நூலகத்தின் முத்திரையோடு ஒரு புத்தகம் இருக்கும். நான் பார்ப்பேன். சுற்றி வைத்துவிடுவேன். நான் எழுதிக் கொடுத்த தாளைப்பற்றி அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாத்தனார் மட்டும் ஒருநாள், "அண்ணனுக்கு இப்பத்தான் ஆத்தா மேல நம்பிக்கை வந்திருக்கு மதினி" என்றாள். ஆமாம் என்றேன்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை. மறுநாள் கொடிகளை வெட்டிக் கவாத்துச் செய்ய ஆட்கள் வருவதாக இருந்து, புதன்கிழமைக்குத் தள்ளிப்போனது. அவர் பந்தலுக்குக் கீழே தனியாக உட்கார்ந்து ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்தார். நான் மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுபோயிருந்தேன். என்னைப் பார்த்தும் மறைக்கவில்லை. முடித்துவிட்டு மூடி வைத்தார். நான் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அதுல என்னதான் ஆச்சு?"

நிமிர்ந்து பார்த்தார். "நீ படிச்சதாத்தான இருக்கும்."

"எப்பவோ படிச்சது. மறந்துபோச்சு."

அது பொய். அட்டையைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அக்கா தங்கை இரண்டு பேர், ஒரு டூரிங் டாக்கீஸ், தீ விபத்து. அவர் ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார். தங்கைக்கு நடந்ததை அக்காவுக்கு நடந்ததாகச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. டூரிங் டாக்கீஸைக் கோம்பைக்குக் கொண்டுவந்தார். கொண்டுவரட்டும் என்று விட்டேன். காதில் எறும்பு ஊரத்தான் செய்தது. விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மேலே சொன்னார். அக்கா டிக்கெட் கொடுக்கிற கூண்டுக்குள் இருக்கிறாள், வெளியே புகை வாடை வருகிறது என்கிற இடத்துக்கு வந்தார். அவர் குரல் மாறியது. சன்னலுக்கு வெளியே நின்று நான் கேட்ட குரல். என் பக்கத்திலேயே, எனக்காக. எனக்கு உடம்பெல்லாம் காதாக இருந்தது.

"கூண்டுக் கதவு வெளியில பூட்டியிருக்கு. சாவி தங்கச்சிகிட்ட இருக்கு" என்றார். அதோடு நிறுத்தினார்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

தட்டில் கையைக் கழுவினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"போதும். நாளைக்குச் செவ்வாக்கிழம. எல்லாத்தையும் இங்கனயே சொல்லிட்டா அங்கன போய்ச் சொல்லும்போது சப்புன்னு போயிரும்."

சரி என்றேன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே வந்தேன். அதற்கப்புறம் அந்தக் கதையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், பக்க எண்ணோடு தெரியும். ஆனால் அதை என் வீட்டுக்காரர் எப்படிச் சொல்லி முடித்தார் என்பது, வீரபாண்டிக்குப் பக்கத்தில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்த அந்தம்மாவுக்குத்தான் தெரியும்.